உப்பு ஒத்தடம்

எனக்குப் பத்து வயதான அந்த மழைக்காலத்தில் அம்மாவின் இடது கை வேறு யாருடைய கையோ போல் ஆகியிருந்தது. மார்பில் அறுவை செய்தவர்கள் அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். போக வழியில்லாத நீர் தோளிலிருந்து விரல்வரை தேங்கி, வளையலைக் கழற்றவைத்து, ரவிக்கைக் கையின் தையலைப் பிரிக்கவைத்து, அமுக்கினால் குழிந்து, குழி மெல்ல நிறைந்து, மறுபடி தேங்கியது. கோர்படி ரயில்வே காலனியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வெளியேயும் அப்படித்தான்: ஓயாத மழை, வடியாத நீர்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லித்தந்த மராத்தி அக்கா, துணிப்பட்டையை விரலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றிக் காட்டினாள். வீட்டில் யாராவது கட்டிவிடுவார்கள்தானே என்று இந்தியில் கேட்டாள். அம்மா தலையாட்டினாள். "கரம் குச் பி நஹி லகானா." சூடாக எதுவும் வைக்கவே கூடாது. அதற்கும் தலையாட்டினாள்.

யாரும் கட்டிவிடவில்லை. அப்பாவுக்கு எப்போதும் ஷிஃப்ட். ஷிஃப்ட் இல்லாத நாளில் செய்தித்தாள். அந்தக் கை இருக்கும் பக்கம் அவர் கண் போகாது. ஒட்டிக்கொள்ளும் என்று என்னையும் தள்ளிப் படுக்கவைத்தார். பட்டையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அம்மா தனக்குத்தானே சுற்றுவாள். முழங்கைக்கு வருமுன் நழுவிவிடும்.

கோவில்பட்டியிலிருந்து அப்பாவின் அக்கா வந்தாள். வந்ததும் அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னட்டி இது, நீர் கோத்து பலாக்கா கணக்கா இருக்கு! உப்ப வறுத்து ஒத்தடம் குடுத்தா வத்தாம எங்க போவும்? ஆஸ்பத்திரில என்ன சொன்னாவ?"

அத்தைக்கு இந்தி தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அப்பா வந்ததில்லை; அங்கே கேட்டதைத் தமிழில் சொல்ல அம்மாவையும் கூடப் போன என்னையும் விட்டால் ஆளில்லை.

"ஒண்ணும் சொல்லல மதினி."

"அம்மா, சூடு கூடாதுன்னு அந்த அக்கா..."

"நீ போய்ப் படி."

கல்லுப்பு வாணலியில் வெடித்தது. அதைத் துணியில் முடிந்து அத்தை மேல்கையில் ஒற்றினாள், மறுகையால் அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்தபடி, ஊரில் யாரோ மாப்பிள்ளை தாலி கட்டும்போது தும்மிய கதையைச் சொல்லிச் சிரித்தபடி.

"சூடு தாங்குதாட்டி?"

"சுகமா இருக்கு மதினி." அம்மா கண்களை மூடியிருந்தாள்.

மறுநாளும் ஒத்தடம். அதற்கடுத்த நாள் கை தீயாய்ச் சிவந்து, கொப்புளம் உடைந்து, தூக்கிப்போடும் காய்ச்சலோடு அம்மாவை ஆட்டோவில் ஏற்றினோம். அவள் பிழைத்துவந்தாள். கை பிழைக்கவில்லை. மரம்போல் இறுகி, அதன்பின் எந்தக் கட்டுக்கும் அதன் வீக்கம் இறங்கவில்லை. நல்லதுக்குத்தான செஞ்சேன் என்று ரயிலேறும்வரை அத்தை அழுதாள். அப்பா செய்தித்தாளை மடிக்கவில்லை.

பல வருடம் கழித்து அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: அறுவைக்குப் பிறகு அவளுடைய மேல்கைக்கு உணர்ச்சியே இல்லை, ஊசி குத்தினாலும் தெரியாதாம். உணர்ச்சி மிஞ்சியிருந்தது உள்ளங்கையில் மட்டும், அத்தை பிடித்திருந்த இடத்தில்.

சுகமா இருக்கு என்று அவள் சொன்னது உப்பைப் பற்றி என்றுதான் பத்து வயதில் நான் நினைத்திருந்தேன்.