சாவியைத் திருப்ப விடாத கை

என் மனைவி ராஜம் இனித் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னது அறுபத்து நான்காம் வருஷம், மழைக்காலம். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. தாராவி வீட்டில் அவளால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தபடியே தூங்குவாள். உதடு நாவல்பழம் தின்றது போல் இருக்கும்.

தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய ஒத்துக்கொண்டார்கள். ரயிலில் போனால் வழியிலேயே போய்விடுவாள் என்றார் டாக்டர். விமானத்தில் போகலாம், ஆனால் மூக்கில் ஆக்சிஜன் இருக்க வேண்டும்.

நான் தோல் பதனிடும் இடத்தில் கூலி. எங்கள் முதலாளி சாயபு டிக்கெட் எடுத்துத் தந்தார். ஏன் தருகிறார்? எனக்குச் சந்தேகம். பம்பாய் ஆஸ்பத்திரியில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கொடுத்து, சாவியைத் திருப்பும் விதத்தையும் காட்டினார்கள். அது காலியாக இருக்குமோ என்று சந்தேகம். தட்டிப் பார்த்தேன். இரும்புக்குள் காற்று இருப்பதை யார் கண்டது?

எங்கள் சபையில் யார் பயணம் போனாலும் ஆளுக்கும் பெட்டிக்கும் எண்ணெய் பூசி ஜெபிப்போம். புறப்படும் காலையில் ஜெபக் கூட்டம் நடத்தும் தங்கம்மக்கா வந்தார். ராஜத்தின் நெற்றியில் தேங்காய் எண்ணெய் பூசினார். பிறகு சிலிண்டர் பக்கம் திரும்பினார்.

“ஏ செல்லையா, இதுக்கும் பூசுதேன். இதுலதான ராஜத்துக்கு உசுரே இருக்கு.”

“நல்லாப் பூசுங்கக்கா. அந்த டப்பா மேல எனக்கு நம்பிக்கையே இல்ல.”

“ஒனக்கு எதுலடே நம்பிக்கை இருந்துச்சு?”

ராஜம்கூடச் சிரித்தாள். அக்கா சாவி, வாய், கழுத்து எல்லாம் வழிய வழியப் பூசினார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஆண்டவரே, வழியில் யாரும் எங்களைத் தடுக்கக் கூடாது.

சாந்தாக்ரூஸ் விமான நிலையத்தில் டாக்ஸியை விட்டு இறங்கியதும் ராஜத்தின் தலை தொங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார வைத்தேன். சிலிண்டர் சாவியில் கை வைத்தேன்.

“தொடாதீங்கோ! கையை எடுங்கோ!”

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். விமானக் கம்பெனி ஆபீசர். பேச்சு மாட்டுங்கா ஐயர்மார் பேசும் தமிழ். குனிந்து சிலிண்டரை முகர்ந்தார்.

“இதுல யாரு எண்ணெய் தடவினா?”

“ஜெபம் பண்ணிப் பூசுனது. ஒமக்கு என்ன?”

“இந்தக் காத்து வேகமா எண்ணெயில பட்டாத் தீப்பிடிக்கும். இது ப்ளேன்ல ஏறாது.”

நான் நம்பவில்லை. தலையில் வைக்கிற எண்ணெய் காற்றுப் பட்டு எரியுமா? என் மேல் அடிக்கிற தோல் வாடைதான் இவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

“எங்கள மாதிரி ஆளு ஏறக் கூடாது. அதான?”

அவர் சிலிண்டரைத் தூக்கினார். நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

“விடுங்க,” என்றாள் ராஜம். “சண்டை போடுத அளவுக்கு எனக்கு மூச்சு இல்ல.”

விட்டேன். கொண்டுபோய்விட்டார். திரும்பி வரமாட்டார் என்று நினைத்தேன். ராஜத்தின் நகம் கறுத்தது. தடுக்கக் கூடாது என்றுதானே கேட்டேன், ஆண்டவரே? இப்படிக் கைவிட்டீரே. எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்தார். சட்டை நனைந்திருந்தது. கம்பெனி ஸ்டோரிலிருந்து வேறு சிலிண்டரைத் தானே சுமந்து வந்திருந்தார். சோப்புப் போட்டுக் கழுவிய கையால் சாவியைத் திறந்தார். குழாய் நுனியில் இருந்த மூக்கு மூடியை நான் பிடுங்கி முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று காற்று வந்தது.

“காத்து வரதா? ஆத்துக்காரிக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்கோ.”

ராஜத்தின் மூக்கில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உதட்டில் சிவப்பு வந்தது. சண்டை போட்ட என்னையும் அவர் கைபிடித்து ஏற்றிவிட்டார். விமானம் இறங்கும் வரைக்கும் நான் அந்தக் குழாயை விட்டுக் கையை எடுக்கவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ராஜம் நடந்தே தாராவிக்குள் வந்தாள். ஆனாலும் அந்த ஆபீசர் சொன்னது மெய்தானா என்று மனசு அரித்தது. தெருமுனை வெல்டிங் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவரும் ஆக்சிஜன் வைத்துத்தானே வேலை செய்கிறார்.

“அரே அண்ணாச்சி, பாகலா, பைத்தியமா நீங்க? எண்ணெக் கையோட அந்தச் சாவியத் தொட்டவன் மூஞ்சிய நான் பாத்திருக்கேன். பாதி மூஞ்சிதான் மிச்சம்.”

ராஜத்தின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தல்லவா நான் அந்தச் சாவியைத் திருப்பப் போனேன். யாரும் தடுக்கக் கூடாது என்றது என் ஜெபம். என் மனைவி பிழைக்க வேண்டும் என்பதுதான் அதற்குள் இருந்தது. ஆண்டவர் அதைக் கேட்டார். தடுக்க ஓர் ஆளை அனுப்பினார்.

தங்கம்மக்காவிடம் சொன்னேன். “இனிமே நெத்தியோட நிறுத்திக்கிடுதேன்,” என்றார். அப்படியே செய்கிறார்.

நான் இன்றைக்கும் சந்தேகக்காரன்தான். அந்தக் குணம் போகவில்லை. ஆனால் யாராவது என் வழியை மறித்தால், அவரை முறைக்கும் முன்னே மேலே பார்க்கிறேன். இதைப் படிக்கிறவர்களே, உங்கள் கையையும் யாராவது தட்டிவிட்டால் கொஞ்சம் பொறுங்கள். அது யார் அனுப்பிய கை என்று கேளுங்கள். ராஜம் இப்போது அடுப்படியில் பாடிக்கொண்டிருக்கிறாள். மூச்சு வாங்காமல் பாடுகிறாள். தோத்திரம்.