வலது பக்கம் போட்ட சிக்னல்

போன வாரம் ஒரு காலை. என் வீட்டுக்காரர் கோப்பி வேண்டாம் என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத வாக்கியம் அது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. "வெந்நி போதும்" என்று சொல்லிவிட்டு, எப்போதும் நான் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. தியான வகுப்பு!

பாச்சாங்கில் ஒரு கடையின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் அந்த வகுப்பு நடக்கிறது. ரிட்டயர் ஆனதிலிருந்து போய்க்கொண்டிருக்கிறார். இந்த முறை மாஸ்டர் ஹோம்வொர்க் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மனிதன் தன் பழக்கங்களுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறானாம். தினமும் ஒரு காரியத்தை, கூட வாழ்கிறவர்களாலேயே யூகிக்க முடியாதபடி செய்ய வேண்டுமாம். செய்யச் செய்ய உள்ளே ஓடுகிற மெஷின் நின்று, ஆள் வெளியே வருவானாம்.

எங்கள் வீட்டு ஆள் வெளியே வரக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் வழக்கமான சாப்பாட்டுக் கடையில் தோசைக்குப் பதிலாக மீ கோரிங், அதாவது வறுத்த நூடுல்ஸ், கேட்டார். கடைக்காரர் தோசையைக் கொண்டுவந்து வைத்தார்.

"நான் மீ தானே கேட்டேன்?"

"காலையிலேயே ஜோக் அடிக்காதீங்க லா, அண்ணே" என்று சாம்பாரையும் ஊற்றிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் தோசையைச் சாப்பிட்டார். விடுதலை என்ன அவ்வளவு சுலபமா?

ஆனாலும் மனிதர் விடவில்லை. வேறு ரோட்டில் போனார். வேறு சோப்பு வாங்கினார். செய்தியைப் பார்க்காமல் சீன மொழி நாடகம் பார்த்தார். ஒரு வார்த்தை புரியாது. கடைசிவரை பார்த்தார்.

வேடிக்கை என்னவென்றால், வாரம் முடிவதற்குள் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. வழக்கமாக என்ன செய்வாரோ அதற்கு நேர் எதிர்... அவ்வளவுதான் இந்த ஆன்மிகம். யூகிக்க முடியாததை டைம்டேபிள் போட்டுச் செய்கிற ஒருவரை யூகிப்பதா கஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் கிளிங்கிற்கு மீன் வாங்கப் போனோம். கடலோர ரோடு. அவர்தான் ஓட்டினார்.

"இன்னைக்கு ஹோம்வொர்க் செஞ்சாச்சா?" என்று கேட்டேன்.

"செஞ்சாச்சு. இடது கால்ல மொதல்ல சப்பாத்து போட்டேன்."

"அத நான் நேத்தே சொல்லிருப்பேன். இப்ப அடுத்து என்ன செய்வீங்கன்னும் சொல்லட்டுமா? அந்தக் கோயில் தாண்டுனதும் கடல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவீங்க."



அந்தக் கோயிலைத் தாண்டினால் வலது பக்கத்தில் அவருடைய அண்ணன் வீடு. இடது பக்கத்தில் கடல். பல வருஷமாக என் வீட்டுக்காரர் அந்த இடத்தில் கடலைத்தான் பார்க்கிறார். அத்தனை முறை பார்த்ததற்கு இந்நேரம் எத்தனை மீன் இருக்கிறதென்றே சொல்லிவிடலாம்.

அண்ணன் சாதாரண அண்ணன் இல்லை. அப்பா போன பிறகு சிம்பாங் அம்பாட் எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டித் தம்பியைப் படிக்க வைத்தவர். அப்படிப்பட்டவர்களுக்குள் என்ன சண்டை? அண்ணன் மகன் கல்யாணத்தன்று, "தம்பி, கொஞ்சம் கார் பார்க்கிங்க பாத்துக்க லா" என்று அண்ணன் சொன்னார். தம்பி பட்டு வேட்டியோடு வெயிலில் நின்று கார்களுக்குக் கை காட்டினார். மண்டபத்துக்குள் கெட்டி மேளம் கேட்டது. தாலி கட்டுவதைச் சொந்தச் சித்தப்பா பார்க்கவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை.

சின்ன விஷயம்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். அன்றைக்கு அந்த வெயிலில் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்ல மாட்டீர்கள்.

அதோடு பேச்சு நின்றது. முதலில் அது கோபமாக இருந்தது. அப்புறம் கோபம் எங்கேயோ போய்விட்டது... பேசாமல் இருப்பது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கோப்பி மாதிரி, தோசை மாதிரி அதுவும் ஒரு பழக்கம்தானே?

கோயில் வந்தது. தாண்டினோம். அவர் கடலைப் பார்க்கவில்லை. வலது பக்கம் சிக்னல் போட்டார்.

 விளையாட்டாகச் சொல்லிவிட்டேனே... அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? இந்த மனிதர் தாங்க மாட்டார். வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருப்பார். அதை என்னால் தாங்க முடியாது.

அண்ணன் சாரோங் கட்டிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த டியூப் நழுவியது. முகம் வெளுத்துவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் கேட்டார்.

"யாருடா?"

எங்களுக்குப் புரியவில்லை. அதற்குள் அண்ணி வெளியே ஓடி வந்தார். வரும்போதே அழுதுகொண்டு வந்தார். "ஐயோ... சிம்பாங் அம்பாட் அத்தையா?"

அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீடுகளில் பேசாதவர்கள் வாசலில் வந்து நின்றால் சாவுச் செய்தி என்று அர்த்தம். வேறு எதற்கு வருவார்கள்?

"யாரும் சாவல அண்ணே. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?"

"சும்மா."

அண்ணி நம்பவில்லை. உள்ளே போய் அத்தைக்குப் போன் போட்டார். அத்தையே எடுத்துப் பேசிய பிறகுதான் எங்களுக்கு மைலோ கலக்கினார்.

கார் பார்க்கிங் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அண்ணன் மைலோவையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் செத்தாவது நீ வருவியான்னு நெனைச்சிக்கிட்டு இருந்தேன்."

"வந்திருப்பேன் அண்ணே."

"வந்து? எனக்குத் தெரியவா போவுது?"

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் அண்ணியும் சமையலறைக்குப் போய்விட்டோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. நின்று அழுதோம்.

சாவு வீட்டுக்கு எப்படியும் எல்லோரும் லீவு போட்டுக்கொண்டு போகத்தான் போகிறோம். ஆள் உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை போனால்தான் என்ன?