சாக்கடையில் ஊறிய டிஸ்க்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவேன், செத்தவர்களுக்காக ஜெபம் சொல்வேன், அதோடு சரி. என் தொழிலும் அப்படி. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து தொலைந்த படம், வீடியோ, ஃபைல் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுக்கிற வேலை. "சாமியைக் கும்பிட்டேன், டிஸ்க் தானா ஓப்பன் ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு, ஏன் அப்படி ஆனது என்று விளக்கம் சொல்லியே பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன். என்னிடம் வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ராத்திரியில் நடக்கவில்லை. காலை பதினொரு மணி. மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் கடை. கீழே இரும்பு அறுக்கிற சத்தம், தெருவில் லாரி, மேலே நானும் என்னோடு வேலை செய்கிற சேகர் அண்ணனும். இவ்வளவுதான்.

அதற்குப் பத்து நாள் முன்னால் வசந்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதைத் திறந்தாள் பாருங்கள், நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். சாக்கடைத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, மறுபடி புழுங்கிப்போன ஒரு டிஸ்க். அதன் மேல் தலைமுடி ஒட்டியிருந்தது. கேபிள் செருகுகிற இடத்தில் சிவப்பாய் மெல்லிய புழு இரண்டு நெளிந்துகொண்டிருந்தன. சேகர் அண்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"அக்கா, எங்க அம்மா ரூம்ல வெச்சிருந்த கேமராவோட டிஸ்க் இது. தண்ணி பூந்தப்போ முழுகிப் பூட்ச்சி. எதுனா வருமா?" என்றாள்.

அவள் வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வசந்திக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. வேலைக்கு நடுவில் அம்மாவைப் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மட்டமான கேமரா வாங்கி மாட்டியிருந்தாள். மைக்கூடக் கிடையாது, படம் மட்டும்தான். அந்தப் பெருமழை நாளில் மதியம் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும், அடுத்த தெருவில் இருக்கிற அண்ணன் ரவிக்குப் போன் போட்டிருக்கிறாள். "நீ பயப்படாத, நான் போய்ப் பாத்துக்கறேன்" என்றானாம். அதற்கப்புறம் டவர் போய்விட்டது. இவள் நடந்தும் நீந்தியும் சாயங்காலம் வீடு சேர்ந்தபோது அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். தெருமுனை வரைக்கும் போனேன், மார்பளவு தண்ணீர், உள்ளே நுழைய முடியவில்லை என்று அண்ணன் அழுதிருக்கிறான். அம்மா காதில் கம்மல் இல்லை. தண்ணீரில் போயிருக்கும் என்றானாம்.

"இறுக்கித் திருகின கம்மல்க்கா. நாலு வருசமா நானே கழட்ட முடியாம உட்டு வெச்சிருந்தேன். தண்ணி எப்டிக்கா கழட்டும்?" என்றாள் வசந்தி.

இரண்டு நாள் கழித்து ரவி வந்தான். கழுத்தில் பவுடர், கையில் மடித்த கைக்குட்டை, மரியாதையான பேச்சு.

"மேடம், என் தங்கச்சி பைத்தியம் மாறி ஆயிட்டுக் கீறா. அம்மா சாவறத அதுல பாத்தா தாங்க மாட்டா. டிஸ்க் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம், புண்ணியமாப் போவும்."

சொல்லும்போதே கண்ணீர் விட்டான். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நாங்கள் பொய் சொல்ல வேண்டியது இருக்காது, அந்த டிஸ்கில் எதுவும் வராது என்று அவனைத் தேற்றி அனுப்பினேன்.

வெளிப்புறத்தைக் கழுவுவதற்கே ஒரு நாள் ஆனது. மூன்று ஜோடி கையுறை மாற்றினேன். தூசி நுழையாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடியைத் திறந்தோம். டிஸ்கின் உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வட்டத் தட்டு இருக்கும், பதிவெல்லாம் அதன் மேல் பூச்சில்தான். இதில் அந்தப் பூச்சே இல்லை. சுற்றிச் சுற்றி உராய்ந்து, கீழே இருக்கும் வெறும் உலோகம் வெளுத்துத் தெரிந்தது. ஓரத்தில் மை போலக் கறுப்புப் பொடி. இப்படி ஆன தட்டிலிருந்து உலகத்தில் யாராலும் எதையும் எடுக்க முடியாது.

"மூடிடும்மா, இது கதை முடிஞ்சுது" என்றார் சேகர் அண்ணன்.

வசந்தியிடம் முயற்சி செய்தேன் என்றாவது மனசாட்சியோடு சொல்ல வேண்டுமே. அதற்காகத்தான் வேறொரு நல்ல டிஸ்கிலிருந்து படிக்கிற முள்ளைக் கழற்றி இதில் பொருத்தினேன். கரண்ட் கொடுத்தால் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டு நின்றுவிடும், அதோடு மூடிவிடலாம் என்று நினைத்தேன்.

நம்பினால் நம்புங்கள், அது அடிக்கவில்லை. புது டிஸ்க் மாதிரிச் சத்தமே இல்லாமல் சுற்றியது. கம்ப்யூட்டரில், பதிவு படிக்கப்பட்டுவிட்டது என்று காட்டுகிற பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. சேகர் அண்ணன் கேபிளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கழுவிக் கழுவிப் போயிருந்த சாக்கடை நாற்றம் மறுபடி கிளம்பி அறை முழுக்க நின்றது, வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டுகிற மாதிரி. ஒரே ஒரு வீடியோ வந்தது. பதினான்கு நிமிடம். அது முழுதாக வந்து சேர்ந்ததும் டிஸ்க் நின்றது, அப்புறம் சுற்றவே இல்லை.

ஓட்டினோம். சத்தம் இல்லை, படம் மட்டும். அறையில் கறுப்புத் தண்ணீர், செருப்பும் தட்டும் மிதக்கின்றன, கட்டில் விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். கட்டிலில் அம்மா. கதவைத் தள்ளிக்கொண்டு ரவி வருகிறான். மார்பளவு என்றானே, முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. கரண்ட் போய்விட்டதால் கேமரா ஓடாது என்று நினைத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டரில் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அவனைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நல்ல கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைக்கிறான். பிறகு கம்மலைத் திருகுகிறான். இறுகியிருக்கிறது. விரலில் எச்சில் தொட்டு, காதில் தடவித் தடவித் திருகுகிறான். ஒரு காது முடிந்ததும் அந்த அம்மா தானாகவே முகத்தைத் திருப்பி அடுத்த காதைக் காட்டுகிறார். தண்ணீரில் விழுந்துவிடாமல் கழற்றி வைத்துக்கொண்டு அப்புறம் நம்மைத் தூக்குவான் என்று நினைத்திருப்பார். அவன் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்தான். எழுந்தான். தண்ணீரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், வெளியே போய்க் கதவைச் சாத்தினான். தூக்கின கை தூக்கினபடி அந்த அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"த்தூ! நீயெல்லாம் ஒரு புள்ளையாடா!" என்று கத்தி, மேசைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் நிஜமாகவே காறித் துப்பினேன்.

நிமிர்ந்தபோது திரையில் அந்த அம்மா கதவைப் பார்க்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி, மேலே, நேராகக் கேமராவைப் பார்த்தார். அந்தக் கையை என் பக்கம் நீட்டி, திட்ட வேண்டாம் என்பது போலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

சேகர் அண்ணன் எட்டித் திரையை அணைத்தார்.

"யம்மா... அது உன்ன பாத்துச்சும்மா."

"சும்மா இருங்கண்ணா" என்றேன். மறுபடி ஓட்டிப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. பென் டிரைவில் போட்டு வைத்துவிட்டு வசந்திக்குச் சொன்னோம்.

அவள் மறுநாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அண்ணன் உள்ளே வந்ததும் அவள் மூச்சு மாறியது, ஆனால் அழவில்லை. கதவு சாத்தினதும் நிறுத்திவிடலாம் என்று நான் மவுசைப் பிடித்தேன், அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

அப்போது ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. அதுவரை ஒரு பொட்டுச் சத்தம் இல்லாத வீடியோ.

"த்தூ! நீயெல்லாம் ஒரு புள்ளையாடா!"

பின்னாலேயே துப்புகிற சத்தம். மெல்லியதாக லேத் மிஷின் இரைச்சல். அந்த அம்மா தலையைத் திருப்பினார்.

வசந்தி அந்த இடத்தை நான்கு முறை ஓட்டினாள். "யாரோ பொம்பள கூட இருந்துக் கீறா. எங்க அண்ணிதான். எங்கண்ணனத் துப்பிட்டு எங்கம்மாவ அப்டியே உட்டுட்டுப் பூட்டா பாருக்கா" என்றாள். மைக் இல்லாத கேமராவில் நேற்றைய என் குரல் எப்படி வந்தது என்று எதைச் சொல்வது?

அவள் அதைப் போலீசில் கொடுத்தாள். ரவி கம்மலை ஒப்புக்கொண்டான். ஆனால் தன்னோடு யாரும் வரவில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறான். அண்ணியும் தான் வரவில்லை என்று அழுது அழுது, கடைசியில் நெமிலிச்சேரியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தெருவே அவளைக் காறித் துப்புகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தியைக் கடைக்கு வரவழைத்து, எது வந்தாலும் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"வசந்தி, அது உங்க அண்ணி இல்லம்மா. அது என் குரல். நல்லாக் கேட்டுப் பாரு."

அவள் போனை எடுத்து அந்த இடத்தை ஓட்டினாள். என் வாயைப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அவள் கொண்டுவந்த அந்த டிஸ்கை நான் முதல்முதலில் பார்த்த மாதிரிப் பார்த்தாள்.

"அங்க இருந்துக்கினு ஏன்கா எங்கம்மாவத் தூக்கல?"

அந்த மழை நாளில் நான் இந்தக் கடையில்தான் இருந்தேன். சேகர் அண்ணன் சாட்சி. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் 'நான் அங்கே இல்லை' என்கிற அந்த மூன்று வார்த்தை அன்றைக்கு என் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.