ஜன்னல் பக்கம் போன குரல்

எனக்குச் சிறு வயதிலிருந்தே பார்வை கிடையாது. சென்ற ஆண்டு கடலூரில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர்தான் காயத்துக்குக் கட்டு மாற்றினார். கை வைத்தால் சீழ் பிடிக்கும் என்று என்னைத் தொடவிடவில்லை.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்பேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்பார். ஆனால் குரல் ஜன்னல் பக்கம் போகும். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏன் அங்கே பார்த்துப் பேச வேண்டும்? நோய் திரும்பிவிட்டது, எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். புவனகிரியிலிருந்து நாத்தனார் மீன் குழம்பு கொண்டுவந்தால்கூட, சாகப்போகிறவளுக்குத்தான் இந்தக் கவனிப்பு என்று தோன்றும்.

ஒரு நாள் உடம்பு துடைக்கும்போது அக்குளருகே ஒரு வீக்கம் கையில் பட்டது.

"இதத்தான மறைச்சீங்க?" என்று கேட்டேன். உடனே கடலூருக்குப் போனோம்.

"நீர் கோத்திருக்கும்மா, ஊசியால எடுத்துடலாம். பயப்படாதீங்க" என்றார் டாக்டர். பிறகு என் கணவரிடம், "தெனம் கட்டு மாத்துறீங்க, இது கண்ணுல படலியா சார்?" என்று கேட்டார்.

"நான் பாக்கவே இல்ல டாக்டர். மனசு தாங்கல. மூஞ்சத் திருப்பிக்கிட்டேதான் கட்டு மாத்துனேன்."

காயம் ஆறியதும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, தழும்பை நானே தினமும் தடவிப் பார்க்கிறேன். பிறகு என் கணவரையும் பார்க்கச் சொல்கிறேன். "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். குரல் நேராக என் முகத்துக்கு வந்தால்தான் நம்புகிறேன்.