இடது சிறுநீரகத்தில் ஒரு நிழல்

பதுளை நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் எனக்கு வேலை. ஸ்கேன் அறிக்கைகளைப் படித்து, காப்புறுதிக் கம்பனிகளுக்காக ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டைக் கணினியில் பதிவேன். ஈரலில் ஏதோ தெரியும், குடல் சுவர் தடித்திருக்கும், சிறுநீரகத்தில் நிழல் விழுந்திருக்கும். என்ன நோய் என்று மட்டும் தெரிந்திருக்காது. அப்படிப்பட்டவற்றுக்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. படத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒன்று தெரிந்தது என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்லாது.

போன வருடம் புது ஸ்கேன் மெஷின் வந்த அன்று, ஸ்கேன் அறையில் வேலை செய்யும் பெண் என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வந்து படுங்களேன். யாரையாவது வச்சு மெஷினைப் பாக்கணும்னு டொக்டரம்மா சொல்றாங்க."

"இப்பத்தான் ரொட்டி தின்னேன். உள்ள அதுதான் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தேன்.

டொக்டரம்மாவும் சிரித்தார். என் ஈரலையும் பித்தப்பையையும் அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தவர், இடது பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இடத்தில் கருவியைத் திரும்பத் திரும்ப அழுத்தினார்.

"மூத்திரம் செவப்பா போச்சா?"

"இல்லீங்க."

"இடுப்பு வலி?"

"இல்லீங்களே. என்னாங்க டொக்டர்?"

"இடது கிட்னில ஒண்ணு தெரியுது. சீ.டி. ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம். இப்ப ஒண்ணும் சொல்ல ஏலாது."

எழுந்து வெளியே வந்த பிறகுதான், என் காலில் கிடந்தது அந்தப் பெண்ணின் செருப்பு என்று கண்டேன்.

அன்றே சீ.டி. எடுத்தார்கள். மத்தியானம் அறிக்கை மற்றவர்களுடையதோடு சேர்ந்து என் கணினிக்கே வந்தது. இடது சிறுநீரகத்தில் கட்டி, மேலும் பரிசோதனை தேவை. அந்தக் குறியீடு எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அன்று முதல் எழுத்துக்கே விரல் போகவில்லை.

கணவருக்குப் போன் எடுத்தேன். அவருக்கு நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

"சத்தமா சொல்லு, மெஷின் ஓடுது!"

"கிட்னில ஏதோ இருக்காம்!"

"யாருக்கு?"

"எனக்குங்க! எனக்குத்தான்!"

மருத்துவமனை நடைபாதையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் மெஷின் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது; அவர் வெளியே வந்துவிட்டார். பிறகு, "அங்கனயே இரு. வர்றேன்" என்றார். தலையில் தேயிலைத் தூசியோடு வந்து சேர்ந்தவர், என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கண்டியில் அறுவைச் சிகிச்சை. அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். எடுத்த கட்டியின் சோதனை முடிவு வந்ததும், அறுவைச் சிகிச்சை செய்த டொக்டர் கட்டிலருகே நின்று சொன்னார்: "புற்றுநோய்தான். ஆனா வேற எங்கயும் பரவல்ல. முழுசா எடுத்தாச்சு." முதல் வார்த்தையிலேயே என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை நான்தான் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

வேறு மருந்து தேவைப்படவில்லை. கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பினேன். ஸ்கேன் அறைப் பெண் என்னைக் கண்டதும் அழுதாள். எனக்கு ஒரு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அவள் கூப்பிட்ட நேரத்தில் முடியாது என்று சொல்லியிருந்தால்?

அந்த வாரம் கூட்டித் துடைக்கும் அக்காமார், தாதிமார் என்று ஒவ்வொருவராக ஸ்கேன் அறை வாசலில் வந்து நின்றார்கள்.

"எங்களையும் ஒருக்கா பாத்துருங்க, டொக்டரம்மா."

யாரும் சிரிக்கவில்லை.