எடைச் சீட்டும் பழைய லைப்ரரியும்

மென்பொருள் எழுதறது ஒரு பொழப்பு. அதை அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல ஓட வெக்கிறது தலையெழுத்து. எனக்கு வாய்ச்சது ரெண்டாவது. பாலுக்கும் தேயிலைக்கும் எடைச் சீட்டு அடிக்கிற புரோகிராமை, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் ஓடற மிஷின்கள்ல போட்டுக் குடுக்கறேன். சீட்டு வரலைன்னா சரக்கு காத்துக் கெடக்கும், கெட்டும் போகும். இதே பொழப்புல இருக்கறவங்களுக்கு மேல சொல்ல வேண்டாம்.

பெருமாட்டியில் பால்

பால் கூட்டுறவு சொசைட்டி மிஷின்ல லினக்ஸ், எப்பவோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் போட்டுக் குடுத்தது. ஆயுத பூஜைக்கு வருசா வருசம் அதுக்குச் சந்தனம் வெப்பாங்க. அப்டேட் மட்டும் பண்ண விட மாட்டாங்க. எல்லாப் புரோகிராமும் நம்பியிருக்கிற பொதுக் கோப்பு ஒண்ணு உண்டு, லைப்ரரின்னு சொல்வோம்; அது அதுல அரதப் பழசு. நான் புரோகிராமைக் கட்டினதோ என் புது லேப்டாப்ல. புது லைப்ரரி இருந்தாத்தான் எந்திரிப்பேன்னு அது அடம் பிடிச்சுருச்சு.

வாசல்ல கறந்த பாலோட வரிசை நிக்குது. என் லேப்டாப்ல நல்லா ஓடுதுங்கன்னு செக்ரட்டரியம்மாகிட்டத் திறந்து காட்டினேன். அவங்க சொன்னது:

"ஏனுங்க, உங்க ஊட்டுல ஓடி என்னங்க பண்றது? பால் இங்கதானுங்க வருது."

அகளியில் தினேஷ்

கூட வேலை பாக்கற தினேஷுக்குப் பொறுமை கிடையாது. அடுத்த சொசைட்டியிலயும் அதே கதைன்னதும், சொல்லச் சொல்லக் கேக்காம புது லைப்ரரியைப் பழசு மேலயே காப்பி பண்ணிட்டான். மொத்த மிஷினும் படுத்துருச்சு. பழசைத் திருப்பி வெக்கலாம்னா, காப்பி பண்ற கட்டளைக்கும் அதே லைப்ரரிதான் வேணும். சொசைட்டி பிரசிடெண்ட் கத்தக்கூட இல்லை:

"முந்தி ஓடுனது ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு. அதையாவது குடுத்துட்டுப் போங்க."

சூரியநெல்லியில் கொழுந்து

சூடு பட்ட பிறகு, கிடைச்சதுலயே பழைய மிஷினாத் தேடி அதுல கட்டினேன். பழசுல கட்டினது புதுசுலயும் ஓடும்னு ஒரு தைரியம். தேயிலை எஸ்டேட்டுக்குப் போனா, முந்தின வாரம்தான் அங்க எல்லாத்தையும் புதுசாக்கியிருந்தாங்க. என் புரோகிராம் தேடின இன்னொரு பழைய லைப்ரரி அந்தப் புது லினக்ஸ்ல இல்லவே இல்லை. நாசமாப் போச்சு.

சீட்டு இல்லாம எடை போட மாட்டேன்னு ஆபீஸ்காரர் ஒரே பிடிவாதம். கொழுந்துச் சாக்கோட பெண்கள் வெயில்ல நின்னாங்க. எடைக்குத்தான் கூலி, கொழுந்து வாட வாட எடை குறையும். நான் சரிபண்ணி எழுந்தப்போ வாடித்தான் கெடந்தது. எனக்கு மானமே போச்சு. முதல்ல நின்ன அக்கா தராசைப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க:

"பறிச்சது இதவிடக் கூட சார். கொறஞ்சத யாரு பேர்ல எழுதுவீக?"

இப்பெல்லாம் வேணுங்கற லைப்ரரி அத்தனையும் புரோகிராமோடவே மூட்டை கட்டிக் கொண்டுபோறேன், அந்த அக்காவோட குறைஞ்ச எடை மட்டும் எந்த மூட்டையிலயும் இல்லைங்க.