வரப்போரத்து எரிமலை

எங்கள் ஊரில் எரிமலை வெடிக்கப் போகிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் பஸ் கண்டக்டர். 2001ஆம் வருஷம். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பும்போது டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, உங்க ஊர்ல பூமி பொகையுதாமே டீச்சர், ஜல்தியா வூட்டக் காலி பண்ணுங்க என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எரிமலை என்ன ஈசலா, மழை பெய்ததும் மண்ணிலிருந்து கிளம்பி வர என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், புகைவது எங்கள் நிலமாம்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவதற்காக உழுது வைத்திருந்த கொல்லை அது. அதன் தென்கோடியில், வரப்போரம் நிற்கும் கரண்ட் கம்பத்தின் காலடியில், காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மண் புகைந்திருக்கிறது. புகைந்தது மட்டுமா, கொதித்து உருகி வழிந்திருக்கிறது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் போன நேரத்தில் புகை இல்லை. அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரி கருகருவென்று, பளபளவென்று ஒரு கட்டி மண்ணில் ஒட்டிக்கிடந்தது. அதைச் சுற்றி யாரோ அதற்குள் மஞ்சளும் குங்குமமும் தூவி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு நாய் செத்துக் கிடந்தது. மோப்பம் பிடிக்கப் போன நாய் அப்படியே விழுந்துவிட்டதாம். கிட்டே போக எட்டு வைத்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்து வரப்பிலேயே நிறுத்திவிட்டார்.

நாய் செத்ததுதான் ஊரைக் கலக்கிவிட்டது. அங்காளம்மன் பலி வாங்கிவிட்டாள், அவள் உக்கிரம் தணிய வேண்டும் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு குடம் மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டு எடுத்துப்போய் அந்த இடத்தைக் குளிர வைப்பது என்று முடிவாகியிருந்தது. வெறுங்காலோடு, ஈரப் புடவையோடு போக வேண்டும். முதல் குடத்தை நிலத்துக்காரர் வீட்டுப் பெண்தான் ஊற்ற வேண்டும். அதாவது என் அம்மா.

மறுநாளே வெள்ளிக்கிழமை.

ஊரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. அதற்குச் சில வாரம் முன்னால்தான் பூமி ஆடியிருந்தது. புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் நடுக்கம். சாப்பிடுகிற நேரத்தில் எங்கள் வீட்டுப் பாத்திர அலமாரி கிடுகிடுவென்று உதறியது. அம்மா சோற்றுக் கையோடு தெருவுக்கு ஓடினாள். அந்த வருஷம் ஜனவரியில்தான் குஜராத்தில் பூமி பிளந்து ஊர் ஊராக மண்ணாகியிருந்தது. டிவியில் அதைப் பார்த்தவர்களுக்கு, நம் காலடியும் ஆடி, அதே இடத்தில் மண்ணும் புகைந்தால் வேறு என்ன தோன்றும்? முதலில் ஆடும், அப்புறம் வெடிக்கும் என்று டீக்கடையில் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டிலேயே வகுப்பு எடுத்தேன். அப்பா கேப்பைக் களியை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா மறுநாளைக்கு வேண்டிய மஞ்சளை இடித்துக்கொண்டிருந்தாள். அந்த உலக்கைச் சத்தத்துக்கு மேலே நான் கத்த வேண்டியிருந்தது.

கூழ் ஆறும்போது மேலே ஏடு கட்டுகிறதே, பூமியின் மேல்தோலும் அப்படித்தான் என்றேன். அந்த ஏடு ஒரே துண்டாக இல்லை. பெரிதும் சிறிதுமாகப் பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. தட்டுகளுக்கு அடியில் இருப்பதும் பாறைதான். ஆனால் பயங்கரச் சூட்டில் கிடப்பதால் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்கிற பாறை. அதன் மேல் தட்டுகளும் நகர்கின்றன. நம் நகம் வளர்கிற வேகம்தான், கண்ணுக்குத் தெரியாது. நாம் உட்கார்ந்திருக்கிற தட்டு வடக்கே போய் ஆசியாவை முட்டிக்கொண்டே இருக்கிறது. முட்டிய இடத்தில் மண் மடிந்து எழுந்ததுதான் இமயமலை.

இரண்டு தட்டுகள் உரசும் இடத்தில் பாறையும் பாறையும் கவ்விக்கொள்ளும். நகரவும் முடியாது, தள்ளுவதும் நிற்காது. இறுக்கம் ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் சட்டென்று நழுவும். அந்த உதறல்தான் பூகம்பம். சில இடத்தில் ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் புகுந்து ஆழத்துக்குப் போகும். போகிற தட்டு கடல் தண்ணீரையும் தன்னோடு சுமந்துகொண்டு போகிறது. அந்த ஈரம் ஆழத்தில் இருக்கிற சூட்டுப் பாறையில் ஏறினால் அது குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். உருகியது லேசாகி மேலே வரும். அதுதான் எரிமலை. இந்தோனேசியாவில் வரிசையாக எரிமலை நிற்பது அதனால்தான். அந்தமான் பக்கம் ஆளில்லாத தீவில் ஒன்று இருப்பதும் அதனால்தான். தட்டுகள் பிரிந்து விலகும் இடத்திலும் எரிமலை வரும். வேறு சில இடங்களில் ஆழத்திலிருந்து தனியாகச் சூடு ஏறியும் வரும். திண்டிவனத்துக்கு இந்த மூன்றில் எதுவும் கிடையாது. நாம் தட்டின் ஓரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, பழைய, ஆறிப்போன பாறையின் மேல் இருக்கிறோம். செஞ்சிக் குன்றுகள்கூட எரிமலை கக்கியவை அல்ல. என்றைக்கோ பூமிக்குள்ளேயே ஆறிய பாறை, மேல்மண் கரைந்து கரைந்து வெளியே வந்து நிற்கிறது.

அப்பா களியை விழுங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நாம ஓரத்துல இல்லன்றே. அப்பறம் அன்னைக்கு ஏன் ஆடுச்சி?"

நல்ல கேள்வி. 1993இல் லாத்தூர் இடிந்தபோது எனக்கும் இதே சந்தேகம் வந்தது. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அதுவும் தட்டின் ஓரம் இல்லை. வடக்கே முட்டுகிற அழுத்தம் தட்டு முழுவதும் பரவும், உள்ளே பழைய விரிசல்கள் இருக்கும், அதில் ஏதாவது ஒன்று எப்போதாவது நழுவும் என்று சொன்னேன். ஓரத்தில் ஆடுகிற அளவுக்கு அடிக்கடி ஆடாது. ஆனால் ஆடவே ஆடாது என்று சொல்ல முடியாது. ஆடினாலும் எரிமலை வராது, ஏனென்றால் உருகுவதற்கு இங்கே அடியில் காரணமே இல்லை. அப்பா தலையாட்டினார். வீட்டைக் காலி பண்ண வேண்டியதில்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அது வரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான்.

அம்மா உலக்கையை நிறுத்தினாள்.

"பூமி வடக்கால போவுதா, போவட்டும். நாய் ஏண்டி செத்துச்சி?"

எரிமலை இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது. பின்னே அது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. போகாதே, நாயைக் கொன்றது உன்னையும் கொல்லும் என்று கெஞ்சினேன். நம் நிலத்தில் புகையும்போது நானே பின்வாங்கினால் ஊர் என்ன பேசும் என்று சொல்லிவிட்டு அவள் மஞ்சளைச் சலிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுப் பிடிவாதம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது அம்மா கிளம்பிப் போயிருந்தாள். தெருவில் பெண்கள் குரல் தேய்ந்துகொண்டே போனது. ஓடிப் பிடித்து ஒருமுறை சண்டை போட்டுப் பார்க்கலாமா, சண்டை போட்டால் கேட்பாளா என்று யோசித்துக்கொண்டே ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மூணு பேஸ் கரண்ட் வந்துவிட்டதா, மோட்டார் போடவில்லையா என்று பேச்சுக்குக் கேட்டேன். எங்கள் பக்கம் மோட்டாருக்கான மூணு பேஸ் கரண்ட் நேரம் பார்த்துத்தான் வரும். மற்ற நேரத்தில் வீட்டு விளக்கு மட்டும்தான் எரியும்.

"வந்திருக்கும். இனிமே மோட்டார் கொட்டாய்க்குப் போய்ப் பாக்கவே தேவல. நேத்து ரெண்டு வாட்டியும் மூணு பேஸ் வந்தப்பதான் ஆத்தா பொகைய வுட்டா. தூரத்துலருந்தே தெரிஞ்சிடுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. பூமிக்குள்ளிருந்து வருகிற சூட்டுக்கு மூணு பேஸ் வந்ததும் போனதும் எப்படித் தெரியும்? கம்பத்தின் காலடி. உருகிய மண். கிட்டே போனதும் விழுந்த நாய். கரண்ட்! கரண்ட் கம்பத்து வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. என் அம்மா வெறுங்காலோடு, ஈரப் புடவையோடு, குடம் நிறையத் தண்ணீரோடு அதன் மேல் ஊற்றப் போகிறாள்.

ஓடினேன். செருப்பு போடவில்லை, தலை முடியவில்லை. பின்னால் அப்பா எதையோ கேட்டார், காதில் விழவில்லை. கொல்லை கண்ணுக்குத் தெரிந்தபோது கம்பத்தடியில் புகை நன்றாகவே எழுந்துகொண்டிருந்தது. பெண்கள் வரப்பில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் அம்மா. அவளுக்கும் புகைக்கும் நடுவே பத்துப் பதினைந்து எட்டுதான் இருக்கும். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. குறுக்கே உழவுக் காட்டில் இறங்கி, விழுந்து, மண்ணோடு எழுந்து, அவர்களுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

வரிசை அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து அவிழ்ந்து கிடக்கும் கூந்தல், உடம்பெல்லாம் மண், நடுக்கம். பூசாரியின் மனைவி குடத்தைக் கீழே வைத்துக் கையைக் கூப்பிவிட்டாள்.

"யாரு தாயே வந்திருக்கறது? இன்னா கொறைன்னு சொல்லு."

எனக்கு சாமி வந்துவிட்டதாம். வேறு சமயமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த இடத்தில் எவளாவது தண்ணீர் ஊற்றினால் செத்தீர்கள் என்று கத்தினேன். எல்லாரும் பின்னால் போங்கள், ரோட்டுக்கே போங்கள், லைன்மேனைக் கூப்பிட்டுக் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். தட்டு, எரிமலை, இமயமலை என்று நேற்று நான் சொன்ன எதற்கும் அம்மா அசையவில்லை. இப்போது ஊரே குடத்தோடு அடிமேல் அடி வைத்துப் பின்னால் போனது. ஆத்தா கரண்ட்ட நிறுத்தச் சொல்றா என்று ஒருத்தி ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். என் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. யாரிடமோ சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு பறந்தார்.

நாங்கள் எல்லாரும் ரோட்டோரத்தில் நின்றோம். நான் அம்மாவின் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். புகை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரம் எவ்வளவு நீளமானது என்று எனக்குத்தான் தெரியும்.

லைன்மேன் வந்து அந்த லைனுக்கே கரண்டை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அவர் கம்பத்தின் மேல் ஏறிப் பார்த்துவிட்டு, கம்பியைத் தாங்குகிற பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, மூணு பேஸில் ஒரு கம்பி அது வழியாகக் கம்பத்து எர்த்தில் இறங்கி மண்ணைச் சுட்டிருக்கிறது என்றார். மூணு பேஸ் இல்லாத நேரத்தில் அந்தக் கம்பிக்குக் கரண்ட் வராதாம். விரிசல் எப்படி விட்டது என்று அப்பா கேட்டார். அன்றைக்கு பூமி ஆடியதில் விட்டதோ, முன்னாடியே இருந்ததோ, சொல்ல முடியாது என்று கையை விரித்தார். பெண்கள் வைத்திருந்த குடங்களை ஒருமுறை பார்த்தார். இதை மட்டும் ஊற்றியிருந்தால் வரிசையில் முன்னால் இருந்த ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டீர்கள் என்றார்.

அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா, அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எரிமலையும் இல்லை, அம்மாவும் இருக்கிறாள். அந்தச் செய்தியை யாராவது என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

பெண்கள் விடுவதாக இல்லை. லைன்மேன் சொன்னதைக் கேட்ட பிறகு ஆத்தா மேல் அவர்களுக்கு நம்பிக்கை கூடித்தான் போயிருந்தது. சாமி வந்தவள் காலில் தண்ணீர் ஊற்றிச் சாமியை மலையேற்றாமல் அவளை வீட்டுக்கு அனுப்பக் கூடாதாம். முதல் குடம் அம்மாவுடையது என்று பூசாரியின் மனைவி ஞாபகப்படுத்தினாள். நான் சாமி இல்லை, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கண்ணாலேயே அடக்கினாள்.

என் முன்னால் குனிந்து பாதத்தில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். பாதித் தண்ணீர் புல்லில் போயிற்று. மற்றவர்கள் குலவையிட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தலை நிமிராமலே சொன்னாள்.

"சாமி வந்துச்சின்னா நான் நின்னேன்? நீ அழுதுக்கினு ஓடியாந்தே. அதான் நின்னேன்."